மேல்வீட்டு இலங்கையும் கீழ்வீட்டு இந்தியாவும்

டி ஸ்டாண்ட் | 8 ஆகஸ்ட் 2024, காலை 9.12

வளசரவாக்கத்துல ஒரு வீடு. கீழ நான், மேல யாழ்ப்பாணத்து அண்ணன் குடும்பம். ஒன்பது வருஷமா ஒரே மோட்டார், ஒரே கேட், ஒரே பால்காரர். சண்டைன்னு வந்தா அது வண்டி நிறுத்துற இடத்துக்காக மட்டும்தான்.

நேத்து ராத்திரி கொழும்புல இலங்கையோட நடந்த ஒருநாள் கிரிக்கெட்ல நம்ம ஆளுங்க 138க்குச் சுருண்டாங்க. 110 ரன் தோல்வி. துனித் வெல்லாலகேன்னு ஒரு பொடியன், 27 ரன் குடுத்து 5 விக்கெட். தொடர் 2-0. இலங்கைகிட்ட ஒருநாள் தொடரைக் கோட்டை விடுறது 1997க்கு அப்புறம் இப்பதான்.

அதுகூடப் பரவாயில்ல. கடைசி விக்கெட் விழுந்ததும் மேல இருந்து ஒரு கைத்தட்டு. ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது தட்டினா கீழ கேட்டுடும்னு மனுஷன் அடக்கிட்டாரு.

இப்ப என் கேள்வி. ஒரு ஈழத் தமிழர் அந்தச் சிங்கக் கொடிக்கு எப்படிக் கை தட்டலாம்? 83 கலவரம் பார்த்த குடும்பம், 2009 போர் பார்த்த குடும்பம். 2013ல ஈழத் தமிழருக்காகக் காலேஜ் பசங்க உண்ணாவிரதம் இருந்தப்ப பந்தல்ல மூணு நாள் கிடந்தவன் நான். அண்ணனும் இந்தக் குழுமத்துலதான் இருக்காரு. வந்து பதில் சொல்லட்டும்.

பருத்தித்துறை வடை | காலை 9.40

அந்த ஒற்றைக் கைதட்டுக்காரன் நான்தான். நுளம்பு அடிச்சனான் தம்பி.

டி ஸ்டாண்ட் | காலை 9.43

கொசு செத்ததும் "கெட்டிக்காரப் பெடியன்"னு அண்ணிகிட்ட சொன்னீங்களே, அது கொசுவையா?

பருத்தித்துறை வடை | காலை 10.25

சரி, நுளம்பு இல்லை. வடிவாச் சொல்லுறன், வாசியுங்கோ.

1996 மார்ச் 17, லாகூரில உலகக் கிண்ண இறுதி ஆட்டம். எனக்கு அப்ப 17 வயசு. எங்கட பக்கம் கரண்ட் போய் ஆறு வருசம். யாழ்ப்பாண டவுன் சனம் முழுக்க முதல் வருசக் கடைசியில இடம்பெயர்ந்து வந்து எங்கட ஊர்ப் பள்ளிக்கூடங்களிலயும் கோயில்களிலயும் இருக்குது. பற்றறி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைக் கையால சுத்த, டைனமோவில இருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டனாங்கள். சுத்துறவன் களைச்சால் வர்ணனை இழுபடும், பிறகு செத்துப்போகும். பத்து ஓவருக்கு ஒருக்கால் ஆள் மாறுறது. அரவிந்த டி சில்வா நூறு தாண்டேக்க சுத்தினது நான். 107, ஆட்டமிழக்கேல்லை. முரளியும் அந்த ரீமிலதான்.

அதே றேடியோவை நிப்பாட்டிப்போட்டு மேல பொம்பர் (குண்டு போடுற விமானம்) சத்தம் கேக்குதோ எண்டு காது குடுக்கிறதும் நாங்கள்தான். கிண்ணத்தைத் தூக்கினதும் அந்த நாடுதான், பொம்பரை அனுப்பினதும் அந்த நாடுதான். எனக்கு ரெண்டும் ஒரே நாட்டில இருந்துதான் வந்தது. நான் என்ன செய்ய? ஒரு கையால தட்டினன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்.

இனி என்ர முறை. நீங்கள் உண்ணாவிரதம் இருந்த அதே 2013இல ஐபிஎல் நடந்தது. இலங்கை வீரர் ஆரும் சென்னையில விளையாடக்கூடாது எண்டு உங்கட அரசாங்கம் சொல்லி, குலசேகரவும் அகில தனஞ்சயவும் சிஎஸ்கே ரீமில இருந்தும் சேப்பாக்கத்தில கால் வைக்கேல்லை. இந்த வருசம் ஏப்ரலில எங்கட இலங்கைப் பதிரன சிஎஸ்கேக்குப் பந்து போடேக்க சேப்பாக்கம் டி ஸ்டாண்டில தொண்டை கிழிய விசில் அடிச்சது ஆர்? கீழ்வீட்டில ரெண்டு நாள் குரலே வரேல்லை. நான் ஏதும் கேட்டனானோ?

டி ஸ்டாண்ட் | காலை 10.31

பதிரனா மஞ்சள் சட்டை போட்டிருந்தாரு. அது வேற கேஸ்.

பருத்தித்துறை வடை | காலை 10.32

ஓமோம். சட்டைதான் பிரச்சினை.

சிற்றலை | காலை 11.50

நடுவில் ஒரு கிழவனின் குறுக்கீடு. டி ஸ்டாண்ட் தம்பிக்குச் சேப்பாக்கத்தின் சரித்திரம் ஐபிஎல்லில் இருந்து தொடங்குகிறது போலிருக்கிறது.

1947இல் சிலோன் அணி இங்கே வந்து தென்னிந்திய அணியோடு ஆடியது. அதில் மகாதேவன் சதாசிவம் 215 அடித்தார். யாழ்ப்பாணத் தமிழர், பின்னாளில் சிலோன் அணியின் தலைவர். அந்த ஆட்டத்தை என் தகப்பனார் சொல்லிச் சொல்லியே எனக்குப் பார்த்தது மாதிரி ஆகிவிட்டது. பிறகு 1950களில் இருந்து சென்னைக்கும் சிலோனுக்கும் கோபாலன் கோப்பை என்று நடக்கும். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய நம் எம்.ஜே. கோபாலன் பெயரில். டெல்லிக்கும் பம்பாய்க்கும் கொழும்பு யாரென்றே தெரியாத காலத்தில் நமக்கு அது பக்கத்து ஊர் டீம்.

1982 செப்டம்பரில் இலங்கை இந்திய மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட்டும் சேப்பாக்கத்தில்தான். துலீப் மெண்டிஸ் முதல் இன்னிங்ஸில் 105, இரண்டாவதிலும் 105. நான் இருந்தேன். வெயிலில் தொப்பி கூட இல்லாமல் எழுந்து நின்று தட்டினோம். பத்தே மாதத்தில் ஜூலை 83 வந்தது.

1999 ஜனவரி 31ஐயும் சொல்லிவிடுகிறேன். டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றோம். அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், நாம் உட்காராமல் தட்டினோம். பாகிஸ்தானுக்கே தட்டிய ஊர் இது. மாடியில் ஒருவர் ஒருமுறை தட்டியதற்குப் பஞ்சாயத்தா?

இன்னொன்று. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டு கூடாது என்று நிறுத்தியபோது நம் காதெல்லாம் கொழும்புக்குத்தான் போயிற்று. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் பேசின தமிழைக் கேட்டு வளர்ந்த வீடுகள் இந்த ஊரில் எத்தனை! அதற்கு நாம் விசா கேட்கவில்லை.

காசிமேட்டுக்காரன் | மதியம் 1.05

கிரிக்கெட்ல தோத்தா நாளைக்கு ஜெயிக்கலாம் சார். வானொலியும் நல்லாத்தான் இருந்துச்சு. போன வாரம், ஆகஸ்ட் 1ஆம் தேதி நெடுந்தீவு பக்கம் இலங்கை நேவி கப்பல் மோதி ராமேஸ்வரத்து போட்டு கவுந்துச்சே, அதைப் பத்தி ஒருத்தரும் பேசலியே? ஒருத்தர் பொணமா வந்தாரு, ஒருத்தரைக் காணல. இந்த வருஷம் இதுவரைக்கும் 200 பேருக்கு மேல புடிச்சிட்டுப் போயிருக்காங்க. போட்டைப் புடிச்சா அரசுடைமை. அவ்வளவு பணம் போட்ட போட்டு அங்க கரையில மக்கிப் போவுது.

எங்க மாமா பசங்க ராமேஸ்வரத்துலதான் தொழில் பண்றாங்க. நான் டிவியைப் பாத்துட்டுப் பேசல.

கச்சத்தீவு நம்மகிட்ட இருந்தா இதெல்லாம் நடக்குமா? ராமநாதபுரம் ராஜாவோட ஜமீன் சொத்து அது. 1974ல இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக் குடுத்தாங்க. வடை அண்ணன் இதுக்கும் ஒரு கை தட்டுவாரா?

சிங்கக்குட்டி | மதியம் 1.07

மீட்போம் மீட்போம் கச்சத்தீவை மீட்போம்!! துரோகிகளுக்கு சமாதி!!!

மட்டுறுத்துநர் | மதியம் 1.20

சிங்கக்குட்டி, சமாதி கட்டுகிற வேலையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பின்னூட்டம் நீக்கப்படும்.

பருத்தித்துறை வடை | மதியம் 2.48

//வடை அண்ணன் இதுக்கும் ஒரு கை தட்டுவாரா?//

செத்த வீட்டில கை தட்டுற ஆள் இல்லை நான். அந்த மனுசனுக்கு அஞ்சலி. ஜூன் மாசம் இதே மாதிரி ஒரு பிடிபாட்டில கடற்படை மாலுமி ஒருத்தனும் செத்தவன். அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை. கடற்படைக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. எங்களை அவையள் என்ன செய்தவை எண்டு உங்களை விட எனக்குத் தெரியும்.

ஆனால் கச்சத்தீவுக் கதையை விடுங்கோ. 285 ஏக்கர், குடிக்க நல்ல தண்ணி இல்லை, ஆள் இல்லை. அந்தோனியார் கோயில் ஒண்டு, வருசத்துக்கு ஒருக்கால் திருவிழா, ரெண்டு பக்கச் சனமும் வருகுது. எல்லைக் கோடு தீவுக்கு மேற்கால ஒரு மைல் தள்ளிப் போகுது. நாளைக்கே தீவை உங்களுக்குத் தந்தாலும் கோடு கிழக்க எவ்வளவு தூரம் நகரும்? உங்கட போட்டுகள் வாறது கச்சத்தீவுக்கோ? நெடுந்தீவு தாண்டி, எங்கட வடமராட்சிக் கரையில நிண்டு பார்த்தால் லைற் வெளிச்சம் தெரியிற தூரத்துக்கு வருகினம். முல்லைத்தீவு வரைக்கும் போகினம். பருத்தித்துறையில இருந்து கச்சத்தீவைக் காட்டி "இது எங்கட கடல்" எண்டு சொல்லுறது, வளசரவாக்கத்தில வீடு வாங்கிப்போட்டுத் தாம்பரத்துக்கும் சேர்த்துப் பட்டா கேக்கிற மாதிரி.

பிரச்சினை தீவு இல்லை காசிமேடு. மடி. கடலின்ர அடியை வழிச்சு அள்ளிற இழுவை மடி.

டி ஸ்டாண்ட் | மதியம் 3.02

எனக்கும் அதே சந்தேகம். மார்ச் கடைசியில திடீர்னு எல்லா சேனல்லயும் கச்சத்தீவு. யார் குடுத்தா, யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு ஒரே ரகளை. ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டோம், 20ஆம் தேதி தீவைக் காணோம். தண்ணிக்குள்ள போயிடுச்சு போல.

காசிமேட்டுக்காரன் | மாலை 5.30

போட்டுல இருந்து இறங்கி இப்பதான் பாக்கறேன்.

//பிரச்சினை மடி//

சரி, மடியைப் பத்தியே பேசுவோம். அந்த மடியை எங்க தாத்தனா கண்டுபுடிச்சான்? கட்டுமரத்துல போய்ட்டு இருந்தவங்ககிட்ட "இறால் புடி, டாலர் வரும்"னு நார்வேக்காரங்களைக் கூட்டிட்டு வந்து விசைப்படகையும் மடியையும் பழக்கினது அரசாங்கம். கேரளாவுல 50கள்ல ஆரம்பிச்சு நம்ம கரைக்கு வந்துச்சு. கடனையும் மானியத்தையும் குடுத்து வாங்க வெச்சாங்க. நம்ம பக்கத்துக் கடலை வழிச்சு முடிச்சாச்சு. இப்ப அம்பது வருஷம் கழிச்சு அதே மடியைத் தப்புன்னா, அதுல கடனை வாங்கிப் போட்டவன் என்ன பண்ணுவான்?

அப்புறம், உங்க ஊர்க்காரங்க யோக்கியமா? யாழ்ப்பாணம் குருநகர்ல இழுவைப் போட்டு இல்லியா? சிங்களவங்க பெரிய போட்டுல வாரக்கணக்கா தங்கி நம்ம எல்லைக்குள்ள சூரை மீன் புடிச்சு, கோஸ்ட் கார்டு புடிச்சு தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இழுத்துட்டு வந்தது எத்தனை தடவை? அவங்களை "மீனவன்"னு சொல்லுவீங்க, நாங்க போனா "அத்துமீறல்".

2022ல நீங்க சோத்துக்குத் தவிச்சப்ப தமிழ்நாட்டுல இருந்து 40,000 டன் அரிசி போச்சு. பால் பவுடர் 500 டன். முதல் கப்பலு எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல, சென்னைத் துறைமுகத்துல இருந்து கிளம்புச்சு. அதை மறந்துடாதீங்க.

பருத்தித்துறை வடை | இரவு 7.55

மறக்கேல்லை. அந்த வருசம் மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கட சின்னப் படகெல்லாம் கரையில ஏறிக் கிடந்தது. சித்தப்பா வீட்டுக்கும் ஒரு பொதி அரிசி வந்தது. அவர் எனக்கு ஃபோன் எடுத்து, "உங்கட ஊர் அரிசி வந்திருக்கு" எண்டார். உங்கட ஊர் எண்டது சென்னையை. நான் இங்க வந்து 26 வருசம், அதாலதான். அண்டைக்கு எனக்குச் சந்தோசம்.

பிறகு ஒரு கிழமை கழிச்சு இன்னொரு ஃபோன். நண்டு வலை விட்டுப்போட்டு விடியப் போய்ப் பார்த்தால் மிதவை மட்டும் கிடக்குதாம். இரவு றோலர் (இழுவைப் படகு) போன பாதையில வலை எல்லாம் அள்ளுப்பட்டுப் போச்சு. சித்தியின்ர காப்பை அடைவு வைச்சு வாங்கின வலை. அப்ப அவர் சொன்னதை அப்பிடியே சொல்லுறன்: "சோத்தையும் அவங்களே போடுறாங்கள், கறியையும் அவங்களே தூக்கிக்கொண்டு போறாங்கள்."

காசிமேடு, சண்டைக்காகச் சொல்லேல்லை. 83இல இருந்து 2009 மட்டும் எங்கட சனம் கடலுக்குப் போகத் தடை, இல்லாட்டிக் கட்டுப்பாடு. கனகாலம் கரையில நிண்டு கடலைப் பார்க்கலாம், இறங்கேலாது. அந்த 26 வருசமும் அந்தக் கடலில உங்கட விசைப்படகுகள் தொழில் செய்தவை. சண்டை முடிஞ்சு நாங்கள் கடலுக்குத் திரும்பினால், அந்த இடம் தங்கட "பாரம்பரிய இடம்" எண்டு சொல்லினம். பாரம்பரியம் 26 வருசத்தில முளைக்குமோ?

திங்கள், புதன், சனி. ராமேஸ்வரம் போட்டுகள் வாற நாள். எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்டைக்கு வலை விடமாட்டினம். ஏப்ரல் 15இல இருந்து ஜூன் 14 மட்டும் உங்கட பக்கம் தடைக்காலம். அந்த 61 நாள்தான் எங்களுக்கு வருசம்.

குருநகர் கேள்விக்குப் பதில்: ஓம், இருக்கு. எங்கட ஆக்களும் இழுக்கிறவை, அதாலை எங்களுக்குள்ளயே அடிபாடு. 2017இல சட்டம் போட்டு இழுவை மடியை முழுசாத் தடை செய்தது. அந்தச் சட்டத்தை முதல் கொண்டு போனது தமிழ் எம்பி சுமந்திரன். கொழும்பு எங்களுக்குச் செய்த நன்மைகளை எண்ண ஒரு கை விரலே அதிகம், அதில இது ஒண்டு.

தெற்குப் போட்டுகள் உங்கட எல்லைக்குள்ள வாறதும் உண்மை. பிடியுங்கோ. நான் கேக்கமாட்டன்.

டிரங்குப்பெட்டி | இரவு 9.10

காலையிலிருந்து "எங்க", "உங்க", "எங்கட", "உங்கட" எண்ணிக்கிட்டிருக்கேன். கணக்கே விட்டுப் போச்சு.

என் தாத்தா ஹட்டன் பக்கம் எஸ்டேட்ல பிறந்தவர். 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து எங்களை, அதாவது மலையகத் தமிழரை, பங்கு போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, அங்க 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு ஓரமா வெச்சுட்டு, பத்து வருஷம் கழிச்சு அதையும் பாதிப் பாதி. தேயிலையை எடை போடுறப்பகூட இவ்வளவு சுத்தமா வராது. தாத்தா ஒரு டிரங்குப் பெட்டியோட தலைமன்னார்ல கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வந்து, அங்கிருந்து கோத்தகிரிக்கு அனுப்பினாங்க. அங்க டேன்டீயில, தமிழ்நாட்டு அரசுத் தேயிலைத் தோட்டத்துல, மறுபடியும் தேயிலைதான். அப்பா பள்ளிக்கூடத்துல "சிலோன்காரன்". தாத்தா அங்க இருந்தப்ப "இந்தியாக்காரன்".

வடை அண்ணா, கோபிக்காதீங்க. 1948ல எங்க குடியுரிமையைப் பறிச்சப்போ யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிக்கல. அதனால "எங்கட சனம்"னு நீங்க எழுதுறப்ப அதுல நான் இருக்கேனான்னு எனக்கு ஒரு சந்தேகம் வரும். காசிமேடு அண்ணா, உங்க "நம்ம"வுலயும் அதே சந்தேகம்.

கிரிக்கெட் கேள்விக்கு மட்டும் எங்க வீட்டுல தெளிவான பதில் உண்டு. இந்தியா–இலங்கை மேட்ச் வந்தா தாத்தா ரெண்டு டீமையும் திட்டுவார். அம்பயரையும்.

பருத்தித்துறை வடை | இரவு 9.34

தங்கச்சி சொன்னது சரி. என்ர சனத்தில நீங்களும் இருக்கிறியளோ எண்டு நான் யோசிச்சதே இல்லை. அதுதான் பிழை.

சிற்றலை | இரவு 9.50

ஒரு தகவல். 74 உடன்பாட்டில் நம் மீனவரும் பக்தரும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்று இருக்கிறது. ஆனால் 76இல் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் மாற்றிக்கொண்ட கடிதத்தில், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக்கூடாது என்று வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற நல்ல மீன்வளப் பகுதி நம் பக்கம் வந்தது. அதை மட்டும் எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள். வாங்கினது யாருக்கும் ஞாபகம் இருக்காது, கொடுத்தது மட்டும் மூன்று தலைமுறைக்கு வரும்.

காசிமேட்டுக்காரன் | இரவு 11.40

தூக்கம் வரல. ஒண்ணு சொல்றேன், யாரும் இதை எடுத்துட்டுப் போய் வேற இடத்துல போடாதீங்க.

நாங்க காசிமேட்டுல இருந்து வடக்க போவோம், ஆந்திரா பக்கம். அங்க நேவி கிடையாது, சர்வதேசக் கோடு கிடையாது, ஒரே நாடு. ஆனா கரைக்குக் கிட்ட மடி போட்டா அந்த ஊர் மீனவங்க விடமாட்டாங்க. நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு தடவை விடிகாலைல எங்க போட்டை பத்துப் பன்னெண்டு ஃபைபர் போட்டு சுத்தி வளைச்சுது. கரைக்கு இழுத்துட்டுப் போய்ட்டாங்க. நாலு நாள் ஒரு குப்பத்துல உக்கார வெச்சாங்க. அடிக்கல. மூணு வேளை சோறு, மீன் குழம்பு, நம்ம குழம்பை விட காரம். ஆனா ஓனர் வந்து பணம் கட்டற வரைக்கும் போட்டு நகராதுன்னுட்டாங்க.

ரெண்டாவது நாள் ஒரு கிழவி வந்துச்சு. கையில ஒரு மூட்டை. எங்க நாலு பேர் முன்னாடி மணல்ல பிரிச்சுது. வலை. வலைன்னு சொல்ல முடியாது, நூலு. நாங்க இழுத்த மடியில மாட்டிக் கிழிஞ்சது. எனக்குத் தெலுங்கு அரைகுறை, திட்டினா புரியும். அது திட்டல. உக்காந்து அந்த நூலை ஒவ்வொண்ணா பிரிச்சு, எது தேறும் எது தேறாதுன்னு ரெண்டு குவியலாப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும். தேறின குவியல் ஒரு கை அளவுதான் இருந்துச்சு.

வடை அண்ணன் சித்தப்பா கதையைப் படிச்சதும் அந்தக் குவியல்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதுக்காக நேவி சுடறதும் மோதறதும் சரின்னு ஆகிடாது. அதுல நான் மாற மாட்டேன். கிழவி எங்களைச் சுடல.

பருத்தித்துறை வடை | 9 ஆகஸ்ட், காலை 6.15

கிழவி சுடேல்லை. அது நியாயமான பேச்சு. நானும் மாறமாட்டன்: மடி நிக்கவேணும். 2016இல டெல்லியில ரெண்டு அரசாங்கமும் கதைச்சு, இழுவை மடியைப் படிப்படியா நிப்பாட்டுறது எண்டு ஒத்துக்கொண்டவை. படி எங்க இருக்கு எண்டுதான் இன்னும் தெரியேல்லை.

டி ஸ்டாண்ட் | காலை 8.05

ஆழ்கடல் போட்டுன்னு ஒரு திட்டம் வந்துச்சே காசிமேடு, அது என்ன ஆச்சு? அதுக்குப் போயிட்டா இந்தச் சண்டையே இல்லையே.

காசிமேட்டுக்காரன் | காலை 8.40

2017ல வந்துச்சு. இழுவைப் போட்டை ஒப்படைச்சா சூரை புடிக்கிற போட்டு, விலை 80 லட்சம். அதுல எழுபது சதம் மானியம், இருபது பேங்க் கடன், பத்து நம்ம கைக்காசு. மொத்தம் 2,000 போட்டு மாத்தப் போறோம்னாங்க. அந்த இலக்கு கிட்டவே வரல.

ஏன்னு கேளுங்க. பாக் நீரிணைல பல இடத்துல பத்துப் பன்னெண்டு மீட்டர்தான் ஆழம். அங்க தொழில் பண்றவன் சாயங்காலம் போய் காலைல வந்து புள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பறவன். அவனை வாரக்கணக்கா ஆழ்கடல்ல தங்கி தூண்டில் போடுன்னா? ராமேஸ்வரம் ஜெட்டில அந்த போட்டைக் கட்ட ஆழமே பத்தாது. அங்க இருந்து கிளம்பி சுத்தி வரவே டீசல் தீந்துடும். எங்க மாமா பையன் கணக்குப் போட்டுப் பாத்துட்டு பேப்பரை மடிச்சு வெச்சுட்டான். பழைய போட்டுலயே போறான். புதன்கிழமை போனான். சனிக்கிழமை, அதான் நாளைக்கு, திரும்பவும் போவான். எங்க அத்தை அந்த ராத்திரி தூங்காது.

பருத்தித்துறை வடை | காலை 8.52

நாளைக்குச் சனி. சித்தப்பா வலை விடமாட்டார். அவர் நல்லா நித்திரை கொள்ளுவார் எண்டு உங்கட அத்தைக்குச் சொல்லுங்கோ.

இது பகிடி இல்லை. ரெண்டு பக்கமும் வயசுபோன சனம்தான் முழிச்சிருக்குதுகள்.

டிரங்குப்பெட்டி | காலை 9.30

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் அடுத்த வாரம் மறுபடி ஓடப் போகுதாம். போன அக்டோபர்ல ஆரம்பிச்சு சில நாள்லயே நின்னு போனது. காசிமேடு அண்ணா, ஒரு தடவை போயிட்டு வாங்களேன். டிக்கெட் வாங்கி, பாஸ்போர்ட்டோட. கடல்ல அந்தப் பக்கம் போறதுக்கு அப்படியும் ஒரு வழி இருக்கு.

காசிமேட்டுக்காரன் | காலை 9.41

பாஸ்போர்ட் எடுக்கணும்மா. இத்தனை வருஷமாக் கடல்ல இருக்கேன், பாஸ்போர்ட் இல்ல.

டி ஸ்டாண்ட் | காலை 10.10

சரி, பந்தயக் கணக்கு பாக்கி இருக்கு. தொடர் தோத்தா நான் கொத்து ரொட்டி வாங்கித் தர்றதா பேச்சு. இன்னைக்கு ராத்திரி வாங்கிட்டு வரேன். மட்டன் கொத்தா, சிக்கன் கொத்தா? ஒரு கைத்தட்டுக்கு ஒரு கொத்துதான், கூட கேக்கக் கூடாது.

பருத்தித்துறை வடை | காலை 10.18

இண்டைக்கு யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேற்றம் தம்பி. 25 நாளைக்கு வீட்டில மச்ச மாமிசம் இல்லை. மரக்கறிக் கொத்து கொண்டு வாங்கோ, முட்டையும் போடாமல். மோட்டரையும் போட்டு விடுங்கோ, மேல தண்ணி நிண்டிட்டுது.

காசிமேட்டுக்காரன் | காலை 10.30

25 நாள் முடியட்டும் அண்ணே. நானே வளசரவாக்கம் வரேன். ரெண்டு கிலோ வஞ்சிரம் கொண்டாரேன், ஐஸ் வெக்காதது. நீங்க அதுக்கு என்னவோ பேரு சொல்லுவீங்களே.

பருத்தித்துறை வடை | காலை 10.33

அறக்குளா. கட்டாயம் வாங்கோ. சொதி வைச்சுத் தரச் சொல்லுறன்.

காசிமேட்டுக்காரன் | காலை 10.34

எந்தக் கடல்ல புடிச்சதுன்னு கேக்க மாட்டீங்களே?

பருத்தித்துறை வடை | காலை 10.34

கேப்பன்.